துவைச்சல் போட்ட சைக்கிள்

சாத்தூரில் படந்தால் போகிற ரோட்டில் ரத்தினசாமியின் வெல்டிங் பட்டறை இருந்தது. இரும்பு கேட், ஜன்னல் கம்பி, டீக்கடை பெஞ்சு என்று எல்லா வேலையும் செய்வார். ஆனால் அவரைத் தேடி வந்தவர்கள் பெரும்பாலும் சைக்கிளுக்காகத்தான் வந்தார்கள். கடையில் விற்கிற சைக்கிள் எல்லோருக்கும் ஒரே அளவு. ரத்தினசாமியோ ஆளை நிற்கவைத்து, காலுக்கும் கைக்கும் சாக்பீஸில் சுவரில் கோடு போட்டுக்கொண்டு ஃப்ரேம் கட்டுவார். ஒரு கால் சூம்பிப்போனவருக்கு ஒரு மாதிரி, இரண்டு பக்கமும் குடம் தொங்கவிட வேண்டிய தண்ணீர்க்காரருக்கு ஒரு மாதிரி. விலை கம்பெனி சைக்கிளில் பாதிக்குச் சற்று மேலே இருக்கும்.

அவருக்குப் பைப்பும் பித்தளைக் கம்பியும் கொடுத்தது என் அத்தா முகம்மது யூசுப்பின் இரும்புக் கடை. நான் குவைத்துக்குப் போன பிறகும் லீவில் வரும்போதெல்லாம் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவரைப் பார்த்திருக்கிறேன். நான் பார்க்காததை அத்தா சொன்னார். சிலவற்றை ரத்தினசாமியே சொன்னார். இதில் வருகிறவர்கள் எல்லோரும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். ஒரு வார்த்தை கூடினாலும் குறைந்தாலும் யாருக்காவது வலிக்கும் என்ற பயத்தோடுதான் எழுதுகிறேன்.

ரத்தினசாமி மெலிந்த, வேகமாக நடக்கிற மனிதர். இளம் வயதில் திருச்சியில் ஒரு சைக்கிள் பட்டறையில் சில வருஷம் வேலை பார்த்தவர். பைப்பின் நுனியை இன்னொரு பைப்பின் வளைவில் அப்படியே பொருந்துகிற மாதிரி அரத்தால் ராவி, வெண்காரம் தொட்ட பித்தளைக் கம்பியை கேஸ் தீயில் உருக்கி இரண்டும் சேருகிற மூட்டைச் சுற்றி ஓடவிடுவார். உருகிய பித்தளை இடுக்குக்குள் தானாக இறங்குவதை அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டால் காதில் விழாது. மூட்டு முடிந்ததும் ஃப்ரேமைக் காற்று படாத மூலையில் சாய்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார். தானாக ஆறட்டும் என்று விடுவது திருச்சியில் படித்த பாடம்.

இந்த ஊருக்கு அந்தப் பாடம் பிடிக்கவில்லை.

அவரிடம் வந்தவர்களில் பாதிப் பேர் முன்பு காட்டில் வெள்ளாமை வேலை பார்த்துவிட்டு, மழை பொய்த்ததும் பட்டாசுக் கம்பெனிக்கும் தீப்பெட்டி ஆபீஸுக்கும் போனவர்கள். அவர்களுக்கு இரும்பு என்றால் அரிவாள்தான். கொல்லன் காய்ச்சின இரும்பைத் தண்ணீரில் முக்கித் துவைச்சல் போட்டால்தான் அரிவாள் வெட்டும், மண்வெட்டி மடங்காது. இது அவர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். மல்லாங்கிணற்றிலிருந்து வந்த சுடலை என்கிற தண்ணீர்க்காரர், தன் ஃப்ரேம் மூலையில் சாய்ந்து ஆறிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, எப்போது தண்ணீரில் போடுவீர்கள் என்று கேட்டார். போடுவதில்லை, இது வேறு வேலை, போட்டால் கெட்டுப்போகும் என்று ரத்தினசாமி பொறுமையாக விளக்கினார். சுடலை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, துவைச்சல் போடாத இரும்பில் என் குடத்தைத் தொங்கவிட மாட்டேன் என்று அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் புதிதாகப் பட்டறை போட்டிருந்தவன் தண்ணீரில் முக்கித்தான் கொடுக்கிறான் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அப்படி இன்னும் சிலர் போனார்கள். ரத்தினசாமி பாதி வெட்டிய தகர டிரம் ஒன்றைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் வைத்தார். முதலில், மூட்டு நன்றாக ஆறின பிறகு பேருக்கு முக்கி எடுத்தார். கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் சத்தமும் வரவில்லை. வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அடுத்த தடவை கொஞ்சம் சூடாக இருக்கும்போதே முக்கினார். லேசாகச் 'சுர்' என்றது. அதற்கடுத்து இன்னும் கொஞ்சம் சூடு. கடைசியில் மூட்டு செக்கச்சிவந்து இருண்டு வருகிற நேரத்திலேயே முக்கும் நிலைக்கு வந்துவிட்டார். ஆவி எழும்பி வாசலை மூடும். வண்டி வாங்க வந்தவர் ஒரு அடி பின்னால் நகர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு விளக்கம் சொல்ல யாருக்குத்தான் வாய் வரும் என்று அவர் அத்தாவிடம் கேட்டிருக்கிறார்.

சுடச்சுட இருக்கிற பித்தளை மூட்டைத் தண்ணீரில் போட்டால் உள்ளுக்குள் மயிரிழையாக வெடிப்பு விழும். வெளியே தெரியாது; தெரிந்தாலும் பட்டி தேய்த்து பெயிண்ட் அடித்தால் மறைந்துவிடும். விலையைக் குறைக்க அவர் வாங்கியது கட்டிலுக்கும் நாற்காலிக்கும் போடுகிற மெல்லிய பைப். அதைக் கொடுத்தது நாங்கள். மெல்லிய பைப்பாக இருந்தாலும் மூட்டு நன்றாக இருந்தால் தாங்கும். மூட்டும் சரியில்லை என்றால் எவ்வளவு காலம் தாங்கும் என்பது ரோட்டைப் பொறுத்தது.

அத்தா கேலி செய்வார். "என்ன ரத்தினம், சைக்கிளக் குளிப்பாட்டியாச்சா? தலை துவட்டி விட்டியா?" ரத்தினசாமியும் சிரிப்பார். ஒருநாள் மட்டும் சிரிக்காமல், "பாய், நீங்க பைப்பப் போடுங்க" என்றாராம். அதற்குப் பிறகு அத்தா அந்தக் கேலியை விட்டுவிட்டார்.

அய்யம்மாள் பட்டறைக்கு வந்தது இரண்டாயிரத்து நான்கில். அச்சங்குளத்துக்காரி. நாற்பது வயது இருக்கும். பட்டாசுக் கம்பெனியில் வெடிக்கான காகிதக் குழாய் சுற்றுகிற வேலை. ஊரில் மகளிர் குழுவுக்கு அவள்தான் தலைவி. கம்பெனி வேன் அவர்கள் தெருவுக்குள் வராது, ரோட்டுக்கு நடக்க வேண்டும். காலையில் வேனுக்குக் காத்திருப்பதும், சுற்றுகிற கணக்கு முடிந்த பிறகும் வேன் நிறையும்வரை சாயங்காலம் உட்கார்ந்திருப்பதும் அவளுக்கு ஆகவில்லை. சேலை கட்டியவள் ஓட்டுகிற மாதிரி, பின்னால் இன்னொரு பொம்பளை சாப்பாட்டுத் தூக்குடன் உட்கார்ந்து வருகிற மாதிரி ஒரு வண்டி வேண்டும் என்று கேட்டாள். ரத்தினசாமி முன்பாரைத் தாழ்த்தி, பின்பக்கத்தை நீட்டி, கேரியரை ஃப்ரேமோடு சேர்த்தே கட்டிக் கொடுத்தார். அவர் செய்ததிலேயே அழகான ஃப்ரேம் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அன்று முழுக்க அவள் பட்டறையிலேயே நின்றாள். தண்ணீரில் முக்கும்போது காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "சத்தம் பத்தலண்ணே. இன்னொருக்கா காய்ச்சி முக்குங்க" என்றாள். அவரும் இன்னொரு முறை காய்ச்சி முக்கினார்.

பிறகு குழுவில் லோன் போட்டு ஒவ்வொருத்தியாகக் கூட்டிவந்தாள். யோசிக்கிறவர்களிடம் அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். நான் பக்கத்தில் நின்று என் கண்ணால் பார்த்தேன், துவைச்சல் போட்டுத்தான் தருகிறார்கள், என் பேரைச் சொல்லி வாங்குங்கள். அப்படி ஒரு தெருவே அவள் பேரைச் சொல்லி வாங்கியது. காலையில் அச்சங்குளத்திலிருந்து கம்பெனிக்குப் போகிற பாதையில் இருவர் இருவராக அந்த நீள சைக்கிள்கள் வரிசையாகப் போகும். எல்லாம் நீலக் கலர். பின்னால் இருப்பவள் முன்னால் இருப்பவளுக்குத் தலை பின்னிக்கொண்டே போவாள்.

இரண்டு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாயிரத்து ஆறு புரட்டாசியில், தீபாவளி ஆர்டர் உச்சத்தில் இருந்தபோது, ஓடைப் பாலத்துக்கு இறங்குகிற சரிவில் இசைவாணி என்ற பெண்ணின் வண்டி கழுத்தில் முறிந்தது. ஹேண்டில்பார் கையோடு வர, ஃப்ரேம் மூக்கைத் தரையில் குத்தியது. இசைவாணிக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. முன்பல் ஒன்று போய், மணிக்கட்டு எலும்பு விட்டுப்போனது. சீசன் முடியும்வரை குழாயைத் தொட முடியாது. பின்னால் உட்கார்ந்து வந்த மாமியார் ராமுத்தாய்க்குச் சிராய்ப்பு மட்டும்.

மற்ற பெண்கள் தங்கள் வண்டிகளைத் திருப்பிப் பார்த்தார்கள். இரண்டு மூன்று வண்டிகளில் கழுத்து மூட்டைச் சுற்றிப் பெயிண்ட் மெல்லிய கோடாக விட்டிருந்தது. அன்றிலிருந்து தெருவில் பேச்சு ஆரம்பித்தது. பேச்சு ரத்தினசாமியைப் பற்றி இல்லை. சாத்தூரில் இருக்கிற ஒரு வெல்டரை யார் நினைப்பார்கள்? அய்யம்மாள் வண்டிக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கியிருக்கிறாள், அதனால்தான் இவள் வண்டி மட்டும் நன்றாக ஓடுகிறது என்று பேச்சு. அவள் வண்டியிலும் கோடு விழுந்திருந்தது. அதை யாரும் குனிந்து பார்க்கவில்லை.

அவள் பட்டறைக்கு வந்தபோது சண்டைக்குத்தான் வருகிறாள் என்று ரத்தினசாமி நினைத்தார். அவள் பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வாங்கின பொருள் ஓடியும் போகும், உடைந்தும் போகும், அதற்காக உங்களைக் குற்றம் சொல்ல வரவில்லை என்றாள். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. அங்கன்வாடி வாசலில் குழுக் கூட்டம். அதற்கு அவர் வர வேண்டும்.

"நீங்க வந்து ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும்ணே. துவைச்சல் ஒழுங்காத்தான் போட்டேன், இந்தப் பொம்பள எங்கிட்ட ஒரு பைசா வாங்கலன்னு. எம் பேரக் காப்பாத்திக் குடுங்க. அம்புட்டுத்தான்."

வருகிறேன் என்றார். அவள் போன பிறகு அத்தாவின் கடைக்கு வந்து, ஒன்றும் வாங்காமல் நெடுநேரம் நின்றாராம். அங்கே போய் என்ன சொல்லப் போகிறாய் என்று அத்தா கேட்டார். கமிஷன் இல்லை என்பது உண்மை, அதைச் சொல்லப் போகிறேன் என்றார். மற்றது? மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அங்கன்வாடி வாசலில் வேப்பமர நிழலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். உடைந்த வண்டியை நடுவில் படுக்க வைத்திருந்தார்கள். ரத்தினசாமி குந்தி உட்கார்ந்து கழுத்தைப் பார்த்தார். பித்தளை பைப்பை விட்டுக் கரண்டிச் சோறு மாதிரி அப்படியே பெயர்ந்து வந்திருந்தது. உடைந்த இடத்தில் பாதிக்கு மேல் கறுத்துப்போயிருந்தது. பாலத்தில் முறிந்தது மிச்சம் பாதிதான். கறுத்த பாதி அவருடைய டிரம்மிலேயே விட்டுப்போனது. பார்த்தவுடன் அவருக்குத் தெரிந்துவிட்டது. அவரைத் தவிர அங்கே யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது.

எழுந்து நின்று, அய்யம்மாள் தன்னிடம் கமிஷன் எதுவும் வாங்கியதில்லை என்று சொன்னார். தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். அவர்கள் நம்பினார்கள். முகங்கள் கொஞ்சம் இளகின. அப்போது பின்னாலிருந்து ஒருத்தி, பிறகு எதற்கு உடைந்தது என்று கேட்டாள்.

"லோடு சாஸ்தியாயிருச்சும்மா" என்றார் ரத்தினசாமி.

எல்லோரும் ராமுத்தாயைத் திரும்பிப் பார்த்தார்கள். ராமுத்தாய் கனத்த உடம்புக்காரி. யாரோ, "அத்தைய ஏத்தணும்னா லாரிதான் செய்யணும்" என்றாள். பெண்கள் கலகலவென்று சிரித்தார்கள். ஒரு வாரமாக இருந்த இறுக்கம் அந்தச் சிரிப்பில் உடைந்தது. ராமுத்தாயும் சிரிக்கப் பார்த்தாள். பிறகு கையைப் பிசைந்துகொண்டே எழுந்து அவரிடம் வந்தாள்.

"அன்னைக்கு ரேஷன் அரிசிப் பையையும் மடியில வச்சிருந்தேன் அண்ணாச்சி. எம் புத்தி. உங்க வேலைக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன். மனசுல வச்சுக்கிறாதீக."

பரவாயில்லை என்று ரத்தினசாமி சொன்னார். பின்னால் ஒரு லீவில் இதை எங்களிடம் சொல்லும்போது அவர் முகத்தை அத்தாவாலும் பார்க்க முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. "பரவால்லன்னு சொன்னேன் பாய்" என்று மூன்று தடவையோ நான்கு தடவையோ சொன்னார்.

காப்பி கொடுத்தார்கள். குடித்தார். அய்யம்மாளின் முகத்தில் பழைய களை வந்திருந்தது. பஸ் நிற்கிற இடத்துக்கு எதற்கு வெயிலில் நடக்கிறீர்கள், நான் விட்டுவிடுகிறேன் என்று தன் வண்டியை எடுத்தாள். அவர் வேண்டாம் என்றார். பொம்பளை ஓட்டி ஆம்பளை உட்காருவதா என்று வெட்கமாக்கும் என்று சிரித்தார்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏறி உட்கார்ந்தார்.

சரளைக்கல் பாதை. அவள் பேசிக்கொண்டே ஓட்டினாள். தை மாதத்துக்குப் பிறகு இன்னும் சிலரைக் கூட்டி வருகிறேன், தாயில்பட்டியில் என் தங்கச்சி வீட்டுப் பக்கம் கேட்கிறார்கள் என்றாள். ரத்தினசாமியின் காதில் அவள் பேச்சு விழவில்லை. வண்டியின் கழுத்து ஒவ்வொரு கல்லுக்கும் முனகுவதுதான் விழுந்தது. அவள் கை இடுக்கு வழியே பார்த்தால் மூட்டைச் சுற்றிய கோடு தெரிந்தது. அது இரண்டு முறை காய்ச்சி இரண்டு முறை முக்கிய மூட்டு. கால் இரண்டையும் தரையில் உரசுகிற மாதிரித் தொங்கவிட்டார்.

"காலத் தூக்குங்கண்ணே. இழுக்குது."

ஓடைப் பாலத்துச் சரிவு வந்தது. வண்டி இறங்கத் தொடங்கியதும் அவர் குதித்துவிட்டார். குதித்து, தடுமாறி, முட்டி தரையில் தேய நின்றார். அய்யம்மாள் பிரேக்கைப் பிடித்துக் காலை ஊன்றினாள்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. நீங்க போங்க. நான் நடந்து வாரேன்."

"என்ன செய்யுது?"

"இடுப்பு வலிம்மா."

அவள் வண்டியை விட்டு இறங்கி அவரைப் பார்த்தாள். வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு வண்டியைப் பார்த்தாள்.

"இதுல எம் மக உக்காந்து வந்திருக்கா. எங்க மதினி மாசமா இருக்கைல உக்காந்து வந்திருக்கா. இதே சரிவுதான்." ஹேண்டில்பாரை அசைத்துப் பார்த்தாள். "நீங்க செஞ்ச வண்டில நீங்க உக்கார மாட்டீகளோ?"

இன்னொரு முறை இடுப்பு வலி என்று சொல்ல நாக்கு தயாராகத்தான் இருந்தது என்று ரத்தினசாமி சொன்னார். சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்கவும் கூடும். ஆனால் அவள் பார்வை வண்டியின் கழுத்தில் இருந்த கோட்டுக்குப் போயிருந்தது.

"தண்ணியில போட்டது தப்பும்மா" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. சூட்டோடு முக்கினால் பித்தளை உள்ளே வெடிக்கும், அரிவாளுக்குச் சரி, இதற்குத் தப்பு என்று அவர் சொன்னார். ராமுத்தாயின் கனத்தால் உடையவில்லை, அரிசிப் பையாலும் உடையவில்லை என்றும் சொன்னார்.

"இது எப்பத் தெரிஞ்சது உங்களுக்கு?"

"மொதல்லருந்தே தெரியும்."

"தெரிஞ்சா போட்டீக?"

"எல்லாரும் கேட்டாகம்மா. போடலன்னா வாங்க மாட்டேன்னாக."

அவள் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நின்றாள். ஓடையில் தண்ணீர் இல்லை; கருவேல மரங்கள்தான். தூரத்தில் ஒரு கம்பெனியில் யாரோ வெடி சோதித்துப் பார்க்கிற சத்தம் ஒன்றிரண்டு கேட்டது.

"நான் இன்னொருக்கா முக்குங்கன்னு சொன்னனே. அப்ப மனசுக்குள்ள சிரிச்சீகளாக்கும்?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

அது உண்மைதான். அவர் சிரிக்கவில்லை. பயந்தார். ஆனால் அதை அவள் நம்பவில்லை. அவர் சொன்னதில் அவள் நம்பாமல் போனது அது ஒன்றைத்தான்.

வண்டியை ஊர்ப்பக்கமாகத் திருப்பினாள். "வாங்க. எங்கிட்டச் சொன்னத அங்கன வந்து சொல்லுங்க" என்றாள். உருட்டிக்கொண்டே அவள் முன்னால் நடக்க, அவர் பின்னால் நடந்தார். அவர் ஏற வேண்டிய பஸ் அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

அங்கன்வாடி வாசலில் பாதிப் பெண்கள் இன்னும் இருந்தார்கள். ரத்தினசாமி நின்றுகொண்டே சொன்னார். தண்ணீர், பித்தளை, வெடிப்பு, தனக்கு முன்பே தெரியும் என்பது, கொஞ்ச நேரத்துக்கு முன்பு லோடு என்று சொன்னது பொய் என்பது வரை எல்லாவற்றையும். யாராவது திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தார். யாரும் திட்டவில்லை. ஒருத்தி மட்டும், அப்படியென்றால் தண்ணீர் எதற்கு என்று உண்மையிலேயே புரியாமல் கேட்டாள். நீங்கள் கேட்டீர்கள் என்று சொல்ல வாய் வந்து, அதைச் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார்.

இசைவாணி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, பல் இல்லாத இடத்தை நாக்கால் தடவியபடி உட்கார்ந்திருந்தாள். "அரிசிப் பைய மடியில வச்சதுக்கு எங்க அத்தைய ஒரு வாரமா பேசாத பேச்சுப் பேசிட்டேன்" என்றாள், யாரையும் பார்க்காமல். ராமுத்தாய் அங்கே இல்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்ட கையோடு வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்றாள் அய்யம்மாள். போனார். ராமுத்தாய் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. உள்ளே இருந்தபடியே கேட்டுவிட்டு, சரி என்று மட்டும் சொன்னாள்.

சீசன் என்பதால் யாராலும் வண்டியை நிறுத்திவைக்க முடியவில்லை. பெண்கள் இருவர் இருவராக ஓட்டுவதை விட்டு, தனியாக ஓட்டியும், சரிவு வந்தால் இறங்கி உருட்டியும் போனார்கள். ஞாயிறுதோறும் ரத்தினசாமி கேஸ் சிலிண்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அச்சங்குளம் போனார். கழுத்தை அறுத்து, உள்ளுக்குள் தடித்த பைப் ஒன்றைச் செருகி, புதிதாகப் பத்தவைத்து, காற்று மறைவான பக்கத்தில் மரக்கிளையில் தொங்கவிட்டு ஆறவைத்தார். அந்த உள்பைப்பை அத்தா இனாமாகக் கொடுத்தார். இவன் தண்ணீரில் போட்டான், நான் மெல்லிய பைப்பைக் கொடுத்தேன் என்று அத்தா ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு, உடனே இரும்பு விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

பெண்கள் வரிசையில் வண்டியோடு நின்றார்கள். சிவந்த மூட்டு தானாக மெல்லக் கறுத்து வருவதை நிம்மதியில்லாமல் பார்த்தார்கள். ஒருத்தி பழக்கத்தில் குடத்தை எடுத்துக்கொண்டு வந்து, பாதி வழியில் நின்று, திரும்பிப் போனாள். அய்யம்மாளும் தன் முறை வரும்வரை மற்றவர்களைப் போல நின்றாள். கேரியர் போல்ட் லூசாக இருக்கிறது, அதையும் முறுக்கிவிடுங்கள் என்பதைத் தவிர அவரிடம் ஒன்றும் பேசவில்லை.

அதன் பிறகு பட்டறையில் டிரம் இல்லை. ஆனால் விஷயம் அதோடு முடிந்துவிடவில்லை. புதிதாக வருகிறவர்கள், துவைச்சல் போடுவீர்கள் என்று சொன்னார்களே என்று கேட்டார்கள். போடுவதில்லை என்றால், எங்கள் மாமனுக்குப் போட்டுக் கொடுத்தீர்களே என்றார்கள். அப்போது செய்தது தப்பு, தெரிந்தே செய்தேன் என்று ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. நான் ஒரு லீவில் போயிருந்தபோது, முதுகில் மகனைத் தூக்கிக்கொண்டு வந்த ஒருவரிடம் அவர் அப்படிச் சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்டேன். வந்தவர், "தெரிஞ்சே பண்ணுன ஆளு இப்பச் சொல்றத மட்டும் எப்படி நம்புறது?" என்று கேட்டார். ரத்தினசாமி கேட், ஜன்னல் வேலை கூடுதலாகப் பார்க்க ஆரம்பித்தார். சைக்கிள் மாதத்துக்கு ஒன்று வந்தால் பெரிது.

அய்யம்மாள்மேல் கமிஷன் பேச்சு அன்றோடு நின்றது. அவள் பேருக்கு இருந்த ஆபத்து போய்விட்டது என்றுதான் ரத்தினசாமி நம்பினார். அதை ஒரு ஆறுதலாகச் சொல்லவும் செய்வார்.

இரண்டாயிரத்து எட்டில் நான் வந்திருந்தபோது ஒருநாள் மத்தியானம் ரத்தினசாமி எங்கள் கடையின் உள்பக்கம் பைப் அடுக்கில் ஏதோ தேடிக்கொண்டிருந்தார். அப்போது அய்யம்மாள் குழுப் பெண்கள் இருவரோடு உள்ளே வந்தாள். அவர்களுக்கு மாட்டுக் கொட்டகைக்குத் தகர ஷீட் வேண்டும். அத்தா இரண்டு மூன்று வகை எடுத்துப் போட்டார். கூட வந்தவர்களில் சின்னவள் ஒன்றைத் தடவிப் பார்த்துவிட்டு அய்யம்மாளிடம் திரும்பினாள்.

"அக்கா, இது நல்லாருக்குமா? நீங்க சொல்லுங்க, எடுத்துக்கிருதேன்."

"எங்கிட்டக் கேக்காத தாயி" என்றாள் அய்யம்மாள். "எனக்கு ஒண்ணும் தெரியாது. நீயே பாத்து எடு."

கோபமாகச் சொல்லவில்லை. வெயிலைப் பற்றிச் சொல்கிற மாதிரித்தான் சொன்னாள். சொல்லிவிட்டு வாசல் பக்கமாகப் போய், முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். அந்தப் பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, எதை எடுப்பது என்று தெரியாமல் ஷீட்டைத் தூக்கித் தூக்கி வைத்தார்கள்.

பைப் அடுக்குக்குப் பின்னால் தேடுகிற சத்தம் நின்றுவிட்டது. அத்தா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அவர்கள் ஷீட்டை மாட்டு வண்டியில் கட்டி ஏற்றி, வண்டி தெருமுனை திரும்பும்வரை ரத்தினசாமி அங்கேயே நின்றிருந்தார். பிறகு கையில் ஒன்றும் இல்லாமல் வெளியே வந்தார்.

"எந்த ஷீட்டு குடுத்தீக பாய்?"

"கனத்ததுதான்" என்றார் அத்தா.

ரத்தினசாமி தலையை ஆட்டினார். பித்தளைக் கம்பி வேண்டும் என்று வந்தவர், அதைக் கேட்காமலேயே படியிறங்கிப் போனார்.